கச்சேரி நடத்த அரசு அனுமதி வேண்டுமா? வதந்தி எங்கே முடிகிறது, விதி எங்கே தொடங்குகிறது

திருவிழாக் காலம் நெருங்கினால் போதும், சில செய்திகள் வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். "இனி மேடையில் பாட அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்." "கோவில் கொடையில் இன்னிசைக் கச்சேரிக்குத் தடை." "கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு பாடினால் வழக்கு." "மைக் வைத்தால் ஐந்து வருடம் ஜெயில்." கூடவே ஒரு காவல் துறைக் கடிதத்தின் மங்கலான படமும் ஒட்டப்பட்டிருக்கும்.

இவற்றைச் சுத்தப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உண்மையான சட்டத்தின் துண்டு கிடக்கிறது. அதை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்து, எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் தடை போல ஆக்கிவிடுகிறார்கள். இதன் அடி நேராக விழுவது கலைஞர்கள் மேல். தை முதல் ஆடி வரையிலான சீசனை நம்பிப் பிழைக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர், நையாண்டி மேளக் குழு, மைக் செட்காரர் ஆகியோருக்கு, "எதுக்கு வம்பு, இந்த வருஷம் வேண்டாம்" என்று விழாக் கமிட்டி சொல்லும் ஒரு வார்த்தையே ஒரு மாத வருமானத்தைப் பறிக்கப் போதும். எனவே எந்தச் சட்டம் எதைக் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அனுமதி என்பது ஒன்று அல்ல

இந்தியாவில் "நேரடி இசை நிகழ்ச்சி உரிமம்" என்று நாடு முழுமைக்குமான ஒற்றை உரிமம் எதுவும் இல்லை. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தொழில் செய்ய அரசு லைசென்ஸ் தேவையில்லை. பேச்சுரிமையும் கருத்துரிமையும் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவில் இருக்கின்றன. பாடுவதும் அதில் சேர்ந்ததுதான்.

ஆனால் ஒரு கச்சேரியைச் சுற்றி நாலு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு அலுவலகம்.

1. ஒலிபெருக்கி. இது ஒலி மாசு விதிகளின் கீழ் வருகிறது. அனுமதி தருவது காவல் துறை அல்லது மாவட்ட நிர்வாகம்.
2. இடமும் கூட்டமும். தெருவா, கோவில் திடலா, தனியார் மைதானமா, எத்தனை பேர் வருவார்கள், வண்டிகள் எங்கே நிற்கும், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா என்பவை.
3. பாடலின் உரிமை. இது தனியாருக்குச் சொந்தமான காப்புரிமை. அரசு அனுமதி அல்ல.
4. பணம். டிக்கெட் விற்றால் வரி.

வதந்திகளில் பெரும்பாலானவை, இந்த நாலில் ஒன்றுக்கான விதியை எடுத்து மற்றொன்றின் மேல் ஒட்டுவதால் பிறப்பவை.

ஒலிபெருக்கி: உண்மையில் அனுமதி தேவைப்படும் இடம்

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகளைக் கொண்டுவந்தது. இவை 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போடப்பட்டவை. இதன் 5-ஆவது விதிதான் எல்லாவற்றுக்கும் மையம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அனுமதி தரும் அதிகாரி மாவட்ட ஆட்சியராகவோ, காவல் ஆணையராகவோ, அதற்கென நியமிக்கப்பட்ட டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அலுவலராகவோ இருக்கலாம்.

இதில் இசை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசியல் கூட்டம், ஜெபக் கூட்டம், பள்ளிவாசல், ஐயப்பன் பஜனை, கட்சிப் பாட்டு, கச்சேரி எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். கச்சேரியைக் குறிவைத்துப் புதிதாக ஏதோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், இந்த விதி கால் நூற்றாண்டாக இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம், பக்கத்திலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தம் தாங்காமல் நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30-இல் தீர்ப்பளித்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். ஐந்து வருடம் கழித்து, 2005 ஜூலை 18-இல், இன்னும் விரிவான தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தூண்டிய செய்தி கொடுமையானது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் அலறல், அக்கம்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்கும் கேட்காமலே போனது. பேசும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் கேட்க விரும்பாதவரின் காதுக்குள் ஒலிபெருக்கி வைத்துத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று நீதிமன்றம் நிலைநிறுத்தியது. கலைஞர்கள் பக்கம் நின்று எழுதும்போதும் இதை மறக்கக் கூடாது. விதி சும்மா வந்துவிடவில்லை.

எவ்வளவு சத்தம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்சாலைப் பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் அங்கே 50, 40. பொது இடத்தில் நடக்கும் நிகழ்ச்சியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது, பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு கோவில் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் 55 கூட்டல் 10, ஆக 65. 75-ஐவிட இது குறைவு என்பதால் எல்லை 65 தான். கடைவீதியில் அதே கச்சேரிக்கு 75. டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் அளவு அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. "கொஞ்சம்தானே ஏத்தியிருக்கோம்" என்று மிக்ஸரில் கை வைப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் காவல் துறை தரும் அனுமதிக் கடிதங்களில் கூம்பு ஸ்பீக்கர் கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருப்பதற்கும் சத்தம்தான் காரணம். கூம்பு, குரலை வெகுதூரத்துக்குத் தள்ளும். அடுத்த ஊரில் இருப்பவர் தூக்கமும் கெடும்.

இரவு 10 மணி

அதிகம் குழப்பப்படுவது இதுதான். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய இடங்களுக்கு இதில் விலக்கு உண்டு. விதி உதாரணமாகச் சொல்வது கலையரங்கம், மாநாட்டுக் கூடம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம். தெருவை அடைத்துப் போட்ட பந்தல் அந்தப் பட்டியலில் இல்லை.

திருவிழாக்களுக்கு ஒரு தளர்வு இருக்கிறது. பண்பாட்டு, மத விழாக்களை முன்னிட்டு, ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், இரவு 10 முதல் 12 வரை ஒலிபெருக்கியை மாநில அரசு அனுமதிக்கலாம். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தளர்வு செல்லும் என்றது. இதைப் பிடித்துக்கொண்டு "கோவில் விழா என்றால் 12 மணி வரை ஓகே" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாட்கள் எவை என்று அறிவிக்க வேண்டியது அரசு. விழாக் கமிட்டி தானாக எடுத்துக்கொள்ளும் சலுகை அல்ல இது.

2023 ஏப்ரல் 30-இல் புனேயில் நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் விதி எப்படி இயங்குகிறது என்பது தெளியும். ராஜா பகதூர் மில் வளாகத்தில் ஏ.ஆர். ரகுமானின் திறந்தவெளிக் கச்சேரி. மணி 10-ஐத் தாண்டியதும் ஒரு காவல் அதிகாரி மேடைக்கே வந்து நிறுத்தச் சொன்னார். அந்த வீடியோ தமிழ்நாடு வரைக்கும் பரவியது. "ரகுமானுக்கே அனுமதி மறுப்பு" என்று ஒரு பக்கம், "அனுமதி வாங்காமல் நடத்தினார்" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே அந்தக் காட்சியின் பொருள் அல்ல. நிகழ்ச்சி நடக்கலாம், 10 மணிக்கு முடிய வேண்டும் என்பதே விதி. பல்லாயிரம் பேர் முன்னால் ஒரு கலைஞரை அந்த விதத்தில் நிறுத்தியிருக்க வேண்டுமா, ஒலி அமைப்பாளரிடம் சொல்லி முடித்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது நடத்தை பற்றிய கேள்வி. அதிலிருந்து ஒரு தடைச் சட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அதே ஆண்டு செப்டம்பர் 10-இல் சென்னை பனையூரில் நடந்த அவரது கச்சேரியில் பிரச்சினை வேறு. டிக்கெட் கையில் வைத்திருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் தவித்தார்கள், சாலை முழுக்க வண்டிகள் நின்றன. அங்கே கேள்வி ஒலி பற்றியது அல்ல, கூட்டம் பற்றியது. இப்படி எங்காவது ஒன்று நடந்த பிறகு பெரிய கச்சேரிகளுக்குக் காவல் துறை கூடுதல் நிபந்தனை போட்டால், "கச்சேரிகளுக்கு இனி புது லைசென்ஸ்" என்று அது செய்தியாகிவிடுகிறது.

மைக் இல்லாமல் வாசித்தால்?

பகலில் நாதஸ்வரம், தவில், பறை, வில்லுப்பாட்டு, எதுவானாலும் மைக் இல்லாமல் நடந்தால் 5-ஆவது விதியின் எழுத்துப்பூர்வ அனுமதி அதற்குப் பொருந்தாது. விதி கேட்பது ஒலிபெருக்கிக்கு மட்டுமே. ஊர்வலமாகத் தெருவில் போகிறீர்கள் என்றால், அது போக்குவரத்து, பொது ஒழுங்கு சார்ந்த தனி அனுமதி.

இரவில் கதை மாறுகிறது. 2010-இல் விதியைத் திருத்தியபோது, இரவு நேரத் தடையில் ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். எனவே "மைக்கே இல்லையே சார், வெறும் தவில்தானே" என்ற வாதம் இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் நிற்காது. விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் கணியான் கூத்துக்கும் இது உண்மையாகவே நெருக்கடி. சட்டத்தை எழுதியவர்கள் நகரத்து டிஜே சத்தத்தை மனதில் வைத்தார்கள், வலையில் சிக்கியது இரவையே மேடையாகக் கொண்ட கிராமியக் கலைகளும் சேர்த்து என்பது என் கருத்து. அரசு அந்த 15 நாட்களைத் தீர்மானிக்கும்போது இந்தக் கலைகளின் பருவத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டார் புகார் தந்து, அது நியாயம் என்று அதிகாரி கருதினால், வாய்ப்பாட்டையோ வாத்திய இசையையோகூட எழுத்துப்பூர்வ உத்தரவால் கட்டுப்படுத்த 8-ஆவது விதி அதிகாரம் தருகிறது. முன் அனுமதி தேவையில்லை என்பதற்கு, யாரும் கேள்வியே கேட்க முடியாது என்று பொருள் இல்லை.

சரி, அந்த ஐந்து வருட ஜெயில்? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது உண்மை. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றி, 2024 ஏப்ரல் 1 முதல் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கியது. பழைய தண்டனையை இன்றைய சட்டம் போல எழுதும் பதிவுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பாடல் வரிகளைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டுமா?

இந்த வதந்திக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1876-இல் ஆங்கிலேய அரசு நாடகங்களை அடக்க ஒரு சட்டம் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் சென்னை மாகாணம், எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலுக்கு நடுவே, தன் பங்குக்கு ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து ஒப்புதலுக்குக் காத்திருந்த காலத்தைப் பழைய நாடகக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 1876-இன் மத்தியச் சட்டமும் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது.

அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதும் அதன் இலக்கு நாடகம்தான். இன்று ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கான அனுமதியில் "ஆபாசம் கூடாது, சாதி மத மோதலைத் தூண்டும் பாடல் கூடாது" என்று நிபந்தனை வருவது உண்மை. அது மீறினால் நடவடிக்கை என்ற எச்சரிக்கை. முன்கூட்டியே ஒவ்வொரு பாட்டையும் தணிக்கை செய்வது வேறு.

கல்யாண வீடும் காப்புரிமையும்

காப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(இசட்ஏ) பிரிவு, மதச் சடங்குகளிலும் அரசு விழாக்களிலும் பாடல்களைப் பாடுவதையும் ஒலிக்கச் செய்வதையும் காப்புரிமை மீறலாகக் கருதக் கூடாது என்கிறது. மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஆக, கல்யாண வரவேற்பில் பாட்டுக் கச்சேரி வைப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

டிக்கெட் கச்சேரி, ஹோட்டல், நிறுவன விழா என்றால் நிலைமை வேறு. நேரடியாகப் பாடும்போது தேவைப்படுவது பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை. அதற்கான கட்டணத்தை 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் வசூலிக்கிறது. ஒலிப்பதிவைப் போட்டால்தான் பதிவு நிறுவனங்களின் உரிமை வருகிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் பாடல் பொதுச் சொத்து. 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை காப்புரிமைக் காலம் ஓடுகிறது.

இதில் எதுவும் அரசு தரும் அனுமதி அல்ல. உரிமையாளருக்குச் சேர வேண்டிய கூலி.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாக: தலைக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதற்கு மேல் 18 சதவீதம். உள்ளாட்சியின் கேளிக்கை வரி பொருந்துமா என்பதை மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இலவசக் கோவில் கச்சேரியில் டிக்கெட்டே இல்லை, அதனால் இந்த ஜிஎஸ்டிப் பேச்சும் இல்லை.

கையில் வந்த செய்தியை எப்படிச் சோதிப்பது

ஒரு உத்தரவின் படம் வந்தால் இதைப் பாருங்கள்.

1. தேதி. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாட்டுக் கடிதங்கள்கூட இன்றைய தடை போலச் சுற்றக்கூடியவை.
2. யார் கையெழுத்து, எந்த மாவட்டம். ஒரு உட்கோட்டத்தின் உத்தரவு மாநிலம் முழுமைக்கும் பொருந்தாது. சில மாவட்டங்களில் காவல் சட்டத்தின் 30(2) பிரிவை அவ்வப்போது குறிப்பிட்ட நாட்களுக்கு அமல்படுத்துவார்கள். அது கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கும் பிரிவு. "எல்லா நிகழ்ச்சிக்கும் தடை" என்று பரப்பப்படுகிறது.
3. நீதிமன்ற உத்தரவு என்றால் யார் வழக்கு. குறிப்பிட்ட ஊரில் இரண்டு தரப்புக்கு இடையே தகராறு இருப்பதால் போட்ட உத்தரவு அடுத்த ஊரைக் கட்டாது.
4. தடையா, நிபந்தனையா. "10 மணிக்கு மேல் அனுமதி இல்லை" என்ற வரியில் முதல் பாதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது "அனுமதி இல்லை".

இதில் நாலாவதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. கடிதத்தை முழுசாகப் படிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

விழாக் கமிட்டி செய்ய வேண்டியது

மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், ஸ்பீக்கர் வகையும் எண்ணிக்கையும், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் பெயர், கைபேசி எண் இருக்கட்டும். திடல் யாருடையதோ அவர்கள் ஒப்புதலையும் இணையுங்கள். கடைசி நாளில் ஓடாமல் சில வாரங்கள் முன்பே கொடுங்கள். முக்கியமாக, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். நகலில் தேதியோடு முத்திரை இருந்தால் போதும்.

"அதெல்லாம் கிடையாது, போங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு கலைஞர்களின் அட்வான்ஸைத் திரும்பக் கேட்காதீர்கள். சட்டம் அனுமதியை எழுத்தில் கேட்கிறது, மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் மறுப்பு வந்தாலும், பதிலே வராவிட்டாலும், அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். திருவிழாக் காலத்தில் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட மனுக்கள் வழக்கமாக விசாரணைக்கு வருகின்றன. அந்த மனுவோடு சேர்க்க வேண்டிய முதல் ஆவணம், நீங்கள் காவல் நிலையத்தில் வாங்கி வைத்த ரசீது.